ஏழாம் நம்பரைக் கழற்றிய நாள்

கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை. எல்லோர் கையிலும் சிவப்புச் சட்டை, எல்லாச் சட்டையின் முதுகிலும் ஒரே கால்பந்து ஆட்டக்காரனின் பெயர், அதற்குக் கீழே ஏழாம் நம்பர். போன மாதம் அதை ஒட்டச் சொல்லி நின்ற அதே ஜனம், இப்போது கழற்றச் சொல்லி நின்றது. சம்பளத்தை இரண்டு மடங்காக்கினால்தான் பந்தைத் தொடுவேன் என்று அந்த மகராசன் சொல்லிவிட்டான். இல்லையென்றால் நீல அணிக்குப் போய்விடுவானாம். நீலம் என்றாலே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எட்டிக்காய்.

பெயர் ஒட்டுவதும் கழற்றுவதும் இஸ்திரி அண்ணனின் வேலை. சூட்டு இயந்திரத்தின் முன்னால் நின்று நின்றே அந்தப் பட்டப்பெயர் வந்தது. தான் போட்டிருக்கும் சிவப்புக் கடைச் சட்டையின் முதுகிலும் அதையே ஒட்டி வைத்திருந்தார். மைதானத்தில் ரசிகர்கள் உட்காரும் கிழக்குப் படிகளில் முதல் வசவு அவர் வாயிலிருந்துதான் கிளம்பும், மற்றவர்கள் பின்பாட்டு. இன்றைக்குக் கேட்கவா வேண்டும்? சட்டைக்குச் சூடு காட்டி, எழுத்தின் ஓரத்தை இடுக்கியால் தூக்கி உரிக்கும்போதே அர்ச்சனையும் சேர்ந்து நடந்தது.

"வளர்த்த கடா மார்ல பாயுது பாத்தீங்களா? ஏற்கெனவே வாங்குறத வெச்சு ஏழு தலைமுறை உக்காந்து சாப்பிடலாம். பணப்பேய்! விசுவாசம்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு?"

வாய் பாட்டுக்கு ஓடியது. மனசு வேறு இடத்தில் கிடந்து அடித்துக்கொண்டது.

நேற்று நீல அணியின் சட்டைக் கடைக்காரர் போன் செய்திருந்தார். இங்கே வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு தருகிறேன், நாளை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். நியாயமாக அப்போதே போனைப் பட்டென்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வீட்டுக்காரி பகலெல்லாம் தையல், ராத்திரி ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கும் வேலை. போன வாரம் தூக்கக் கலக்கத்தில் படியில் உருண்டு முழங்கையை உடைத்துக்கொள்ளப் பார்த்தாள். ராத்திரி வேலையை விட்டுவிடு என்றால், "வாடகையை யாரு, உங்க ஏழாம் நம்பரா கட்டுவாரு?" என்றாள். அவளை அந்த வேலையிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குச் சம்பளம் ஏற வேண்டும். இங்கே ஏறி ஆறு வருஷமாகிறது. முதலாளி ஏற்றிக் கொடுத்துவிட்டால் நீலத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

கேட்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து மூன்று தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் கல்லாப் பக்கம் போனார். மூன்று தடவையும் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார்.

நாலாவது தடவை முதலாளியே வாயைத் திறந்தார். இவரைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷர்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! விசுவாசம்னா எங்க இஸ்திரி அண்ணன்தான். இத்தன வருஷத்துல சம்பளத்தக் கூட்டிக் குடுன்னு ஒரு நாள் கேட்டதில்ல."

வரிசையே கைதட்டியது. இஸ்திரி அண்ணன் பல்லைக் காட்டினார். தவளையும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் போலிருக்கிறது. திரும்பி வந்து அடுத்த சட்டையை எடுத்தார், உரித்தார். அதற்கடுத்ததையும் உரித்தார். கை தானாகவே போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ! யாருங்க கழட்டச் சொன்னது?"

நர்ஸ் உடையில் ஓர் அம்மா. கடைசி எழுத்து லேசாகக் கிளம்பியிருக்கிறது, அதை மட்டும் ஒட்டித் தாருங்கள் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். இவர் தலையையும் ஆட்டியிருந்தார். ஆட்டிவிட்டு, முழுப் பெயரையும் உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எல்லாரும் கழட்டத்தான் வந்தாங்க, கைப்பழக்கம். புதுசா ஒட்டித் தர்றேன், காசு வேணாம். ஆனா அவன் பேரு எதுக்கும்மா இன்னும்?"

"ஏன், அவன் என்ன திருடினானா?"

"இவ்வளவு வாங்கிட்டு இன்னும் வேணும்கிறானே?"

"டிக்கெட் விலைய ரெண்டு தடவ ஏத்துனாங்களே, அப்ப நீங்கள்லாம் எங்க போயிருந்தீங்க? அந்தக் காசு யாரோ ஒருத்தர் பாக்கெட்டுக்குத்தான போகுது. அதுல ஓடுறவன் பங்கு கேட்டா மட்டும் பேயா? முட்டி ஒரு தடவ போச்சுன்னா அவனுக்கு அப்புறம் ஏது ஆட்டம்? அவன் மோசமா ஆடட்டும், நானே உங்களுக்கு மேல திட்டுறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க ஆஸ்பத்திரியில நாங்க சம்பளம் கூட்டிக் கேட்டப்ப, சேவை மனப்பான்மை இல்லயான்னு ஒரு ஆபீசர் கேட்டாரு. நீங்க காலையிலிருந்து கத்துறது எனக்கு அப்படியே அந்த ஆபீசர் குரலாத்தான் கேக்குது."

இஸ்திரி அண்ணனுக்குத் தொழிலில் சூடு பட்டுப் பழக்கம்தான், ஆனால் இது வேறு இடத்தில் பட்டது. பெயரைப் புதிதாக வெட்டி, ஓரம் பிசகாமல் ஒட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வசவும் வரவில்லை. ஒருவர், "என்னண்ணே, பேட்டரி தீந்துடுச்சா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்.

வெளியே வெயில் இறங்கியதும் கல்லாவுக்குப் போனார். தண்ணீர் குடிக்கவில்லை.

"மொதலாளி, சம்பளம் கொஞ்சம் கூட்டித் தரணும். வீட்ல அவ ராத்திரி வேலைக்குப் போறா, முடியல. வேற கடையிலயும் கூப்பிடுறாங்க."

"எந்தக் கடை?"

சொன்னார். முதலாளியின் முகம் சுருங்கியது.

"நீங்களுமாண்ணே? காலையில அவ்வளவு பேசினீங்களே!"

"பேசினேன். தப்பாப் பேசிட்டேன்."

"இப்ப முடியாதுண்ணே. போறதுன்னா போங்க, நான் தடுக்கல. கடைச் சட்டைய மட்டும் வெச்சிட்டுப் போங்க."

வரிசையில் மிச்சமிருந்தவர்களில் யாரோ, "இவரும் பணப்பேய்தான்யா!" என்றான். சிரிப்பு எழுந்தது. காலையில் அவரே அவிழ்த்துவிட்ட வார்த்தை, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. கத்துகிறபோது அது இவ்வளவு வலிக்கும் என்று தெரிந்ததில்லை.

ஆணியில் தொங்கிய சொந்தச் சட்டையை மாட்டிக்கொண்டார். கழற்றிய சிவப்புச் சட்டையை இயந்திரத்தில் விரித்து, சூடு காட்டி, தன் பெயரைத் தானே உரித்தார். துணியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவும் வெட்கப்படவில்லை. மடித்துக் கல்லாவில் வைத்துவிட்டு வெளியே வந்து, நீலக் கடைக்காரருக்குப் போன் செய்து வருகிறேன் என்றார்.

வேலைக்குக் கிளம்பிய மனைவியைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தார். மூச்சு இரைத்தது.

"நீ இனிமே ராத்திரி வேலைக்குப் போக வேணாம். நான் கடை மாறிட்டேன்."

"எங்க?"

"நீலத்துல."

அவளும் கிழக்குப் படிகளில் தொண்டை கிழியக் கத்தியவள்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம். அவள் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். அடிபட்ட முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"எவ்வளவு தர்றாங்க?"

"ஒன்றரை மடங்கு."

"அவங்களா சொன்னதா, நீங்க கேட்டதா?"

"அவங்களா சொன்னது."

பேருந்து வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"ஏங்க, நீங்களும் ரெண்டு மடங்கு கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.