மாதா விளக்கு ஒயர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. போடியில் வாடகைக்கு ஓட்டினேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காரை வைத்துத்தான். நிலையான சவாரி என்று ஒன்றே ஒன்று உண்டு. ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியைச் சனிக்கிழமைதோறும் மலையேற்றிப் பூப்பாறைக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மற்ற நாளெல்லாம் மாதா விட்ட வழி.

மாதா காரிலும் இருந்தார். டேஷ்போர்டின் மேல் ஒரு சின்னப் படம், அதன் அடியில் பித்தளை ஹோல்டரில் நீலப் பல்பு. சாவியைத் திருப்பினால் பல்பு எரியும். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவேன். முதலாளி முருகனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் ஏறி உட்கார்ந்ததும் மாதாவுக்கு ஒரு கும்பிடு போடாமல் இருக்கமாட்டார்.

வெயில் காலத்தில்தான் தொந்தரவு வரும். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற ஏற எஞ்சின் கொதிக்கும். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருப்பதால், அதற்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றி, தண்ணீர் ஊற்றி, ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

"ஏப்பா, தண்ணி ஊத்துறதுக்குன்னே ஒரு ஆளக் கூட்டியாரணும் போலயே" என்று முதலாளி முதல் தடவை சிரித்தார். அடுத்த வாரமும் நின்றது. அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தோட்டத்து ஏலக்காயை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இறங்கும்போது அவர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நான் ஜீப்புல போயிக்கிறேன். மனசுல வச்சுக்காத" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

என் மனைவியின் தம்பி அல்லிநகரத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துவந்தான். அவனிடம் போய்ச் சொன்னேன்.

"மச்சான், பம்ப அடுப்புக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு கொதிக்குதுன்னா எப்படி? கரண்டு பம்பு ஒண்ணு வாங்கி டிக்கிக்குள்ள மாட்டிருவோம். அங்கன சூடே அண்டாது."

மதுரையிலிருந்து பம்பு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். பழைய பம்பைக் கழற்றி, அது இருந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தான். புதியதை டிக்கியில், டேங்கின் பக்கத்தில் திருகினான். எர்த் ஒயருக்குத் தகரத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினான். கரண்டு ஒயரைக் கால்மிதிக்கு அடியிலேயே முன்பக்கம் கொண்டுவந்தான். அதை எதில் சேர்ப்பது என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான்.

"மாதா லைட்டுக்குப் போட்ட ஒயரு கைக்கு வாகா தொங்குது. சாவி போட்டாத்தான் கரண்டு வருது. ப்யூசும் இருக்கு. இதுலயே கோத்து விட்டுரவா?"

எனக்கு அது வேலையாகவே தோன்றவில்லை, மாதாவுக்கு நேர்த்திக்கடன் மாதிரி இருந்தது. "கோத்துரு மாப்ளே" என்றேன். மாதா விளக்கு எரிகிறவரை பம்புக்கும் கரண்டு போகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ப்யூசை மட்டும் கொஞ்சம் பெரிதாக மாற்றினான். சாவியைத் திருப்பினோம். நீல விளக்கு எரிந்தது, பின்னால் டிக் டிக் என்று பம்பு பேசியது.

வீட்டில் என் மனைவி கேட்டுவிட்டு, "எந்தம்பி கை வச்ச வண்டிக்கு மாதாதான் காவல் இருக்கணும்" என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி செபமாலையில் காருக்கும் சேர்த்து ஒரு பத்து மணி செபம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை முதலாளி கையில் வாழை இலைப் பொட்டலத்தோடு வந்தார். "புதுச் சாமான் மாட்டியிருக்கன்னு எங்க வீட்ல சொன்னேன். மாதாவுக்குப் போடச் சொல்லிக் குடுத்துவிட்டாக" என்றார். பிரித்தால் மல்லிகை மாலை. கடைக்காரர் தாராளமாகத் தண்ணீர் தெளித்திருந்தார். நடுவில் வெள்ளி ஜிகினாவைச் சுருட்டிக் கட்டிய குஞ்சம். முதலாளியே படத்துக்கு மாட்டிவிட்டார். குஞ்சம் பல்பின்மேல் தொங்கி மின்னியது.

ஏறினோம். வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சினைக் கவனித்தார். வண்டி நிற்கவில்லை. "பரவால்லயேப்பா, ஒம் மச்சினன் வேலைக்காரன்தான்" என்றார். நானும் அப்போதுதான் ஸ்டியரிங்கிலிருந்த பிடியைத் தளர்த்தினேன்.

அடுத்த திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது நீல விளக்கு அணைந்தது. பல்புதான் போயிற்று என்று நினைத்தேன். பின்னால் டிக் டிக் சத்தமும் இல்லை என்று உறைப்பதற்குள் எஞ்சின் இருமியது. ஓரம் கட்டிப் பிரேக்கை மிதித்தேன். நின்றுவிட்டது.

முதலாளி இறங்கி, பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் எடுத்துவந்து வைத்தார். போனெட்டைத் திறக்க வேலை இல்லை. தண்ணீர் ஊற்றுவதற்கு அங்கே பம்பே கிடையாது. கீழேயிருந்து ஒரு ஜீப் முக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. முதலாளி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வேறு என்ன தெரியும்? மாதாவைப் பார்த்து ஒரு மன்றாட்டுச் சொன்னேன். பார்த்துக்கொண்டே சொன்னதால்தான் அது கண்ணில் பட்டது. நனைந்த குஞ்சத்தில் ஜிகினா பாதி கருகியிருந்தது. ஒரு நுனி ஹோல்டருக்குப் பின்னால் நுழைந்து, கரண்டு வரும் ஆணியையும் தகரத்தையும் ஒன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ப்யூசைப் பிடுங்கிப் பார்த்தேன். ஷார்ட்டானதில் உள்ளே கம்பி உருகிப்போயிருந்தது.

மாலையைக் கழற்றினேன். மறுபடியும் ஷார்ட் ஆகாமலிருக்க, மாதா விளக்குக்குப் போகும் ஒயரைப் பம்பு ஒயரோடு சேர்ந்த இடத்தில் விடுவித்து, அதிலேயே ஒரு செம்பு இழையை உருவி, ப்யூசின் மேல் சுற்றித் திரும்பச் செருகினேன். ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "வாரீகளா மொதலாளி?" என்றார்.

நான் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவில்லை. டிக் டிக் கேட்டது.

"நீ போப்பா, நான் இதுலயே வாரேன்" என்று முதலாளி ஜீப்பை அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இருட்டாகக் கிடந்த பல்பைப் பார்த்தார். "மாதா வெளக்க அணைச்சுட்டா போறது?"

"பொறவு அவுகளுக்கு வேற ஒயரு இழுத்துருவேன் மொதலாளி. இப்ப மொதல்ல தோட்டத்துக்குப் போயிருவோம்."

அவர் கருகின குஞ்சத்தைக் கையில் எடுத்தார். நான் வேண்டுமென்றே ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வளைவு தாண்டிய பிறகு, "எங்க வீட்டு மாலையாலதான் நின்னுச்சோ?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. மெய் சொல்லவும் தயக்கமாக இருந்தது. "ஜிகினாவாலதான் மொதலாளி. பூ ஒண்ணும் செய்யல."

தோட்டத்துக் காய் அன்றைக்குக் கிடைத்தது. திரும்பி வந்து போடியில் இறங்கியபோதும் அடுத்த வாரத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாரத்தின் நடுவில் மச்சினன் வந்து பம்புக்குத் தனி ஒயர், தனி ப்யூஸ் போட்டான். மாதா விளக்கைப் பழையபடி அதன் ஒயரிலேயே விட்டான். ஹோல்டரின் பின்பக்கத்தை சைக்கிள் டியூபை வெட்டி மூடினான்.

சனிக்கிழமை விடிந்ததும் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். வருவாரா, ஜீப்புக்குப் போய்விட்டாரா என்று தெரியவில்லை. வாசலில் நின்ற என் மனைவிதான் முதலில் பார்த்தாள். "மொதலாளி வாராக" என்றாள்.

கையில் வாழை இலைப் பொட்டலம். காரில் ஏறுவதற்கு முன் நடுத்தெருவில் நின்று, மாலையை வெளியே எடுத்துத் தண்ணீர் போக நன்றாக உதறினார்.

"ஜிகினா இல்லாமத்தான் கட்டச் சொன்னேன்" என்றபடி என் கையில் கொடுத்தார். "நீயே போடு."