அத்தான் வைத்த கஞ்சி

காலையில் குப்பை வண்டி கொண்டுவரும் பெண் ஒருநாள் எங்கள் வாசலில் நின்று கேட்டேவிட்டாள். "ஏன்க்கா, ஒங்க வீட்ல அடுப்புப் பத்த வைப்பியளா மாட்டியளா? வாளியில எப்பமும் ஒண்ணுமே இல்லையே."

"மூணு பேரும் மூணு வேளையும் திங்கத்தான் செய்யுதோம். கொட்டுததுக்கு ஒண்ணும் மிஞ்சல" என்றாள் என் அக்கா. அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் வேலைவிட்டு வந்ததும் என்னிடம் சொன்னாள். அத்தான் வந்ததும் அவரிடமும் சொன்னாள்.

அது தச்சநல்லூரில் அக்காவும் அத்தானும் இருந்த வீடு. மாடியில் ஒற்றை அறை. என் கல்யாணம் முறிந்து நான் ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. உலையில் கூடுதலாக ஒரு பிடி அரிசி போட்டாள். அந்த மாடி அறை எனக்கானது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் டவுணில் ரத வீதி ஜவுளிக்கடை ஒன்றில் துணி எடுத்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில். சமையல், கடைகண்ணி எல்லாம் அக்கா கையில்.

அவள் காய் வாங்கப் போவது பொழுது சாயும் நேரத்தில். விற்காமல் கிடக்கும் காயைக் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். வாடிய கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக் காலையில் எழுப்பிவிடுவாள். பீர்க்கங்காயின் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. மல்லித்தழையின் காம்பு ரசத்துக்குள் போகும். எண்ணெய் பாக்கெட்டைக் கத்தரித்து விரித்து, அதன் மேலேயே சப்பாத்தி மாவைப் போட்டுப் பிசைவாள். மாவு புளித்துவிட்டால் அன்றைக்குப் பணியாரம். ஒரு கத்தரிக்காய், அரை வாழைக்காய், நாலு அவரை என்று மிச்சம் கிடப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை கூட்டாஞ்சோறாகிவிடும். எங்கள் வீட்டில் நான் ஆசையாக எதிர்பார்த்தது அந்த வெள்ளிக்கிழமையைத்தான்.

அவளைச் சிக்கனக்காரி என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "சிக்கனம் என்னட்டி சிக்கனம்? நல்லா இருக்கதத் தூர எறிய மனசு வரல, அம்புட்டுதான்" என்பாள். விருந்தாளி வந்தால் இலை நிறைய வைப்பாள். கையேந்தி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

முதலில், சாப்பிட்டதும் வயிறு கல்லு மாதிரி இருக்கிறது என்றாள். சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தாள். ஓமம் வறுத்துத் தின்றாள். சோற்றைக் குறைத்தாள். சேலை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தாள். பாளையங்கோட்டையில் என்னென்னவோ சோதனை செய்தார்கள். பிறகு டாக்டர் என்னையும் அத்தானையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரைப்பையில் கட்டி. அறுத்து எடுக்க முடியாதபடி பரவிவிட்டது. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் அதைத் தாங்குவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்றார்.

"எதையாவது சாப்பிட வைங்க" என்று முடித்தார்.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அத்தான் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

அதுவரை அவர் அடுப்படிக்குள் போவது தண்ணீர் குடிக்கத்தான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரே சமையலைக் கையில் எடுத்தார். நான் செய்கிறேன் என்றேன், கேட்கவில்லை. அக்காவின் கட்டிலை அடுப்படி தெரியும்படி முன்னறையில் இழுத்துப் போட்டோம். அவள் படுத்தபடியே சொல்லச் சொல்ல இவர் செய்தார்.

"ஏளா, கஞ்சிக்கு எம்புட்டு அரிசி?"

"ஒரு பிடி."

"என் கைக்கா, ஒன் கைக்கா?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் அவளுக்கு. ஆனாலும் சிரித்தாள்.

பீர்க்கங்காயைச் சீவியதும் தோலைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள். பாதிச் சதை தோலோடு வந்திருந்தது. "துணி கிழிக்கும்போது இப்படியா ஓரத்துல அரை முழத்த விடுவிய? பைய சீவுங்க" என்றாள். அவர் அடுத்த காயைச் சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் வைத்து, மெதுவாகச் சீவினார். கொஞ்ச நாளில் அவர் கை பழகிவிட்டது. குருணையும் பாசிப்பருப்பும் சீரகமும் பூண்டும் போட்டு அவர் வைத்த கஞ்சியின் வாசம் மாடி வரைக்கும் வரும்.

ஒருநாள் காலை அந்தக் கஞ்சியை அவளிடம் கொடுத்துவிட்டு அத்தான் குளிக்கப் போனார். நான் ஆபீஸுக்குக் கிளம்பிக் கட்டிலருகில் நின்றேன். அக்கா இரண்டு கரண்டி குடித்தாள். மூன்றாவதை வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைத்தாள்.

"ஏட்டி, இத நீ குடிச்சிரு."

"வச்சிருக்கா. பெறகு குடிக்கலாம்."

"பெறகும் எறங்காது. அவுக வந்து கிண்ணத்தப் பாத்தா மொகம் செத்துப் போகும். கொட்டவும் எனக்கு மனசு வரல. சீக்கிரம் குடி, வந்துருவாவோ."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே குடித்தேன். கஞ்சி அவ்வளவு ருசியாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கிண்ணத்தைப் பார்த்தார். "முழுக்கக் குடிச்சிட்டியா?"

"ம். இன்னைக்கு உப்பு சரியா இருந்துச்சு" என்றாள் அக்கா.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நான் பையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். மறுநாளும் அப்படியே நடந்தது. பிறகு நானும் ஆபீஸுக்கு லீவு போட்டு வீட்டோடு இருந்தேன், அது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. கேழ்வரகுக் கூழ், இளந்தேங்காய்ப் பால், பிசைந்த இட்லி, மாதுளைச் சாறு என்று அவர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு செய்தார். அக்கா நாக்கு நனையும் அளவுக்கு எடுத்துக்கொள்வாள். மிச்சம் எனக்கு. அவர் பால் வாங்கப் போகும் நேரம், மாடியில் துணி காயப்போடும் நேரம் எல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அக்கா மெலிய மெலிய நான் தடித்தேன். ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. தையலைப் பிரிக்கும்போது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அத்தான் பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம், "நேத்தைக்கு இன்னைக்குக் கூடுதலாச் சாப்புடுதா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரைக்கும் கூடவே போயிருக்கிறேன். அவர் அடுத்த நாள் என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்பார். நான் யோசனை சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை பார்த்தார்கள். நர்ஸ் ஒருமுறை பார்த்து, இறங்கி ஏறச் சொல்லி மறுபடியும் பார்த்தாள்.

"சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். காலையில் கஞ்சி, பதினோரு மணிக்குக் கூழ், மத்தியானம் குழைந்த சோறு, சாயங்காலம் மாதுளை. எதில் என்ன போட்டார், எப்படி வேகவைத்தார் என்பது வரைக்கும். டாக்டர் கடைசி வரை கேட்டார்.

"இவ்வளவும் சாப்பிட்டா இப்படி எடை இறங்காதேய்யா. அம்மா, நீங்க சொல்லுங்க."

அக்கா தரையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் சாப்பிட்டேன் டாக்டர்" என்றேன்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் சொன்னது வேறு ஏதோ பாஷை போல, புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் குரலைத் தாழ்த்தி, இதில் யாருடைய தப்பும் இல்லை, சாப்பாடு இறங்க உள்ளே வழியே இல்லை, அக்காவே ஆசைப்பட்டாலும் முடியாது என்றார். இனி மருந்து ஏற்றும் யோசனை வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

வெளியே ஆட்டோவுக்காக நின்றோம். அக்காவைச் சக்கர நாற்காலியில் நிழலில் விட்டுவிட்டு நானும் அத்தானும் கேட்டருகே வந்திருந்தோம்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தான். ரெண்டு வாய் அவ குடிப்பா. மிச்சந்தான்."

ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ருசியா இருந்துச்சாம்மா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்படின்னா உப்பு சரியா இருக்குன்னு அவ சொன்னது பொய்யில்ல" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு போய் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

அதோடு சமையலை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளும் அடுப்பு பற்றவைத்தார். தட்டில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். "நீ திங்க வேண்டாம். நான் இங்கன இருந்து திங்குதேன். என்ன கொறைன்னு மட்டும் சொல்லு."

அக்கா வாசத்தை வைத்தே சொன்னாள். "கடுகு கருகிட்டு." "பெருங்காயம் போட மறந்துட்டிய." "பருப்பு இன்னும் ஒரு கொதி வந்திருக்கணும்." அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவார். இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அந்த நாட்களில் அவள் முகம் தெளிவாக இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் மிஞ்சிய நல்ல நாட்கள் அவைதான்.

பிறகு வாசமும் அவளுக்குக் குமட்டத் தொடங்கியது. அத்தான் தாளிப்பதை நிறுத்தினார். சோறு கொதிக்கும் ஆவிகூட அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாலையில், அவள் அசந்து தூங்கும் நேரத்தில், பின்வாசலைத் திறந்துவைத்து ஒரே ஒரு தடவை சோறு வடிப்பார். மத்தியானம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே மோர் ஊற்றிச் சாப்பிடுவார். வாசமே இல்லாமல் போன அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றிருக்கும்.

கடைசியாக ஒருநாள் அவளே கேட்டாள். "உளுந்தஞ்சோறு வைங்களேன். வாயில வச்சுப் பாக்கணும் போல இருக்கு." அத்தான் தொலி நீக்காத கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசியோடு வேகவைத்து, எள்ளுத் துவையல் அரைத்துக் கொண்டுவந்தார். நாக்கு பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து நாலு பருக்கையை அவள் நாக்கில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்க முடியவில்லை. அவர் தன் உள்ளங்கையை நீட்டினார். அதில் துப்பினாள்.

"நல்லா இருக்கு. துவையல இன்னும் கொஞ்சம் நைசா அரைக்கணும்" என்றாள்.

"நாளைக்கு நைசா அரைக்கேன்" என்றார் அவர்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அத்தான் அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்ட குரலில் தெரிந்திருக்க வேண்டும். சோப்பு நுரை ஒட்டிய கையோடு வந்து நின்றார். அந்தக் கையால் அவளைத் தொடலாமா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தானின் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். நல்ல மனுஷி. அக்கா கிடந்தபோது வந்து துணி துவைத்துப் போட்டவர். "நான் சொல்லுதேன்னு வருத்தப்படக் கூடாது தாயி. அவனும் தனி ஆளாயிட்டான். நீயும் தனியா இருக்க. ஒரு வீட்ல, ஒரு அடுப்புல இருந்தா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவோ. அவ பேருக்கும் அது நல்லதில்ல பாத்துக்கோ."

அத்தான் அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். நான் சரி என்றேன்.

டவுணில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்தேன். கிளம்புகிற அன்று அத்தான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து டப்பாக்களையெல்லாம் இறக்கினார். துவரம் பருப்பில் பாதி, கடுகில் பாதி, புளியில் பாதி என்று எனக்குப் பொட்டலம் கட்டினார். "எனக்கு எதுக்கு அத்தான் இவ்வளவு" என்றேன். "நான் ஒத்த ஆளு. இங்கன கெடந்தா பூச்சி விழுந்துரும்மா" என்றார். பூச்சி விழாமல் இருக்க அக்கா பருப்புக்குள் போட்டிருந்த வத்தல் மிளகாயைக்கூடப் பாதிப்பாதியாகப் பிரித்தார். ஆட்டோ வரைக்கும் எல்லாவற்றையும் அவரே தூக்கிவந்தார்.

ஒரு ஆளுக்குச் சமைப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. மார்க்கெட்டில் இருப்பதிலேயே சின்னக் கூறை வாங்கினாலும் எனக்கு அதிகம். கீரை வாடிப்போகிறது. தக்காளி கனிந்து ஒழுகுகிறது. வெள்ளிக்கிழமை கூட்டாஞ்சோறு வைத்தால் ஞாயிறு வரைக்கும் அதே சோறுதான். இப்போதெல்லாம் நான் கொட்டுகிறேன். கொட்டும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அத்தான் மறுபடியும் கடைக்குப் போகிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ரத வீதி நடந்துபோகிற தூரம்தான். ஆனாலும் நான் போவதில்லை, அவரும் இந்தப் பக்கம் வருவதில்லை. எப்போதாவது போன் பண்ணுவார். போன வாரம் பண்ணியபோது கொஞ்சநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு தயங்கித் தயங்கி, "எம்மா, தேங்கா ஒடச்சேன். அரமூடி அப்படியே கெடக்கு. வேணுமா ஒனக்கு? கடைக்குக் கொண்டு வந்து வைக்கட்டுமா, வந்து வாங்கிக்கிடுதியா?" என்று கேட்டார்.

நான் என் அடுப்புத் திட்டைப் பார்த்தேன்.

"இருக்கட்டும் அத்தான். எங்கிட்டயும் அரமூடி கெடக்கு."

"அப்படியா. சரிம்மா, சரி" என்றார். இருவரும் கொஞ்சநேரம் போனை வைக்காமலே இருந்தோம்.