நீலப் பலகையில் என் பெயர்

எங்கள் அப்பாவுக்கு நான் ஒரே பெண். அந்தச் சலுகையை முழுசாக அனுபவிக்க விடாமல் செய்தவர், சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த, எங்களுக்கு உறவே இல்லாத ஒரு அண்ணன். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், எனக்கு ஒன்பது. சமமான போட்டி இல்லைதான். ஆனாலும் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. சாயங்காலம் ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டுக்கு வரமாட்டார், நேராகக் கடற்கரைக்குத்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, எங்கள் குப்பத்தை ஒட்டிய மணலில், தை மாசம் பிறந்தால் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வரும். ராத்திரியில் கரையோரமாக நடந்து, நாய்கள் தோண்டுவதற்குள் அந்த முட்டைகளை எடுத்துவந்து, வலை கட்டி வேலி போட்ட ஓர் இடத்தில் மறுபடி புதைக்க வேண்டும். அந்த இடத்தைப் பட்டி என்போம். வனத்துறையிடம் அனுமதி வாங்கி அதை நடத்திய சின்னச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், காவல்காரர் எல்லாம் அப்பாதான். அவரிடம் இல்லாதது ஆள் மட்டும்தான்.

ஆள் வராமல் இல்லை. பொத்தேரி காலேஜ் பிள்ளைகளும் சிறுசேரி ஆபீஸ் ஆட்களும் முதல் வாரம் கூட்டமாக வருவார்கள். ஆமையோடு போட்டோ எடுத்துக்கொண்டு, இனி வாராவாரம் வருவோம் என்று சத்தியம் செய்வார்கள். அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணாது. மாசி பிறப்பதற்குள் அப்பா தனியாக நடந்துகொண்டிருப்பார். ஒரே ஆள் எவ்வளவு தூரம்தான் நடப்பது? காலையில், நாய் குதறிப் போட்ட முட்டைத் தோல்களைப் பார்த்துவிட்டு வந்து, காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் நீலப் பலகை. படகுக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்டைச் சின்னச் சின்னப் பலகைத் துண்டுகளில் அடித்து, முட்டையைக் கண்டெடுத்தவர் பெயரை வெள்ளையில் எழுதி, அந்தக் குழியின் தலைமாட்டில் நட்டுவிடுவார். குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை அந்த ஆளை விடமாட்டார். போன் போடுவார்.

"தம்பி, உன் முட்டைக்கு இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி. மேல கீத்து போட்டுக்கீறேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

கவலைப்பட வேண்டும் என்று அதுவரை தோன்றாதவர்களும் அதைக் கேட்டுக் கவலைப்பட ஆரம்பித்து, சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

அப்படிப் பிடித்து வைத்தவர்களில் முதல் இடம் அந்தச் சிறுசேரி அண்ணனுக்கு. அவரிடம் கார் இருந்தது. வந்தால் கூடவே ஆபீஸிலிருந்து நாலு பேரை அள்ளிப்போட்டுக்கொண்டு வருவார். வெள்ளியும் சனியும் கரை முழுக்க அவர்கள் பொறுப்பு. அதனால் அப்பா அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். அவர் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது தெரியும், எந்தக் காலில் என்பதுகூடத் தெரியும். நான் மூன்றாம் வகுப்பா நாலாம் வகுப்பா என்பதை மட்டும் அம்மாவிடம் கேட்டுத்தான் சொல்வார். வீட்டில் வஞ்சிரம் வறுத்தால் நடுத்துண்டு அவருக்கு, வால் துண்டு எனக்கு. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நான் முள்ளை எடுப்பேன், வயிறு எரியும்.

"உங்கப்பன அந்தப் பையனுக்கு சுவீகாரம் குட்த்தாச்சுடி, விடு" என்று அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் அப்பாவிடம் கேட்டே விட்டேன், எனக்கும் ஒரு பலகை வேண்டும் என்று. பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டே, "உனுக்கு இன்னாத்துக்குமா போர்டு? நீ வூட்டாளு" என்றார். அதோடு முடிந்தது பேச்சு. பள்ளிக்கூடத்தில் எழுதவே தெரியாதவன் பெயர்கூடக் கரும்பலகையில் வரும், பேசியதற்காகவாவது. என் அப்பாவின் பட்டியில் என் பெயருக்கு ஒரு சாண் பலகை கிடையாது.

சரி, நானே எடுத்துக்கொண்டேன். வேலி ஓரத்து மூலையில், அப்பாவே கண்டெடுத்துப் புதைத்த ஒரு குழி பெயரில்லாமல் இருந்தது. என் சிவப்புப் பிளாஸ்டிக் வளையலைக் கழற்றி அதன் தலைமாட்டில் பாதி புதைத்து வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் எறும்பு பார்ப்பேன், நண்டு வளை பார்ப்பேன். "உனக்கு இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி" என்று அப்பா குரலில் அதனிடம் சொல்லுவேன்.

பங்குனி நெருங்கும்போது அந்த அண்ணன் வருவது நின்றுபோனது. ஆபீஸில் வேலை அதிகமாம். அவர் வராததால் கூட வந்தவர்களும் வரவில்லை. அப்பா போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம், வஞ்சிரத்தின் நடுத்துண்டு என் தட்டுக்கு வந்திருந்தது. கடைசியில் ஒரு நாள் அந்த அண்ணன் போனை எடுத்தார். உன் முட்டை பொரிக்கிற நேரம், நீ இல்லாமல் எப்படி என்று அப்பா கெஞ்சாத குறையாகச் சொன்னார். சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டிக்குப் போனார். பொரிக்க வேண்டிய நாள் தாண்டியும் அண்ணனின் குழியில் மணல் அசையவில்லை. அப்பா கையால் மெல்லத் தோண்டினார். தோண்டும்போதே நாற்றம் வந்துவிட்டது. முந்தின அமாவாசைக்கு அலை ஏறியபோது அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தது. மொத்தமும் கூமுட்டை. அப்பா குந்தியபடியே இருந்தார். இவ்வளவு தூரம் வந்து ஒருவன் அழுகின முட்டையைப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த வருஷம் எதற்கு வருவான், கரையில் யார் நடப்பார்கள் என்பதெல்லாம் அவர் முகத்தில் இருந்தது. எனக்கு இருந்ததோ சந்தோஷம், வேறொன்றுமில்லை.

எழுந்து திரும்பியவர் மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் குழியில் மணல் உள்வாங்கியிருந்தது. உள்ளே குஞ்சுகள் ஏறி வருகின்றன என்று அர்த்தம்.

நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் அப்பா போய்விட்டார். மணலிலிருந்து வளையலை எடுத்து, ஊதி, என் கையில் மாட்டினார். பிறகு அண்ணன் பெயர் எழுதின பலகையைப் பிடுங்கி வந்து அங்கே நட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளு விட்டுக் குடு, கண்ணு" என்றார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்தது. குஞ்சுகள் கலைந்து ஓடாமலிருக்கக் குழியின் மேல் கவிழ்த்து வைத்திருந்த கூடையை அப்பா தூக்கினார். மணலைத் தள்ளிக்கொண்டு குஞ்சுகள் வந்தபடியே இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறி. அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருக்கிற அம்மாவுக்குப் போனில் காட்டி, "அம்மா, என் குஞ்சுங்கம்மா, பாரும்மா" என்றார். அப்பா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். என் தோளில் அந்தக் கை எப்போது விழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

"அது என்னுது!" என்று கத்திவிட்டேன். "எல்லாம் என்னுது!"

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா தடுமாறவே இல்லை. "ஆமா தம்பி, இங்க கீறது மொத்தமும் அவுளுதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என் கன்னத்தைக் கிள்ளி ஒரு சாக்லேட் கொடுத்தார். சாக்லேட்டைத் தின்றேன், கோபத்தை வைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய பொய்யை அப்பா எப்படி முகம் மாறாமல் சொல்கிறார் என்று ராத்திரி முழுக்க அழுதேன்.

அண்ணன் அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரு வாரம் தவறாமல் வந்தார். பிறகு வெளிநாடு போய்விட்டார்.

இப்போது நானும் சிறுசேரியில்தான் வேலை பார்க்கிறேன், பக்கத்திலேயே ஹாஸ்டல். ஊர் ஒன்றும் தூரமில்லை, ஒரு பஸ். இந்தத் தையிலும் மாசியிலும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ வேலை வந்துவிட்டது. போன வாரம் அப்பா போட்டோ ஒன்று அனுப்பியிருந்தார். பட்டியின் மூலை, மணல், புது நீலப் பலகை. அதில் வெள்ளையில் என் பெயர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"உன் முட்டைக்கு இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி, கண்ணு. கீத்து போட்டுக்கீறேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

சாப்பிட்டாயா என்று கேட்டார். டீக்கு இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைதானா என்று கேட்டார். எல்லாவற்றையும் சரியாக ஞாபகம் வைத்திருந்தார். சனிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விட்டுப் போகப் போகிறவர்களுக்குத்தான் அப்பா பலகை நடுவார், வீட்டாளுக்கு இல்லை என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.