வெற்றிலைத் தட்டில் வைத்த மைக்

போன வாரம் பதுளை பஸ் நிலையத்தில் ஒருவர் என்னை மறித்தார். பஸ் கிளம்பப் போகிறது, கண்டக்டர் கத்துகிறார், நான் ஒரு காலைப் படியில் வைத்தாயிற்று...

"டீச்சர், ஒரு நிமிஷம்! வீடியோ கமராவுக்கு எந்த மைக் வாங்கலாம்?"

ஆள் முன்பின் தெரியாதவர். மகன் கட்டாரிலிருந்து கமரா அனுப்பியிருக்கிறானாம். படம் நன்றாக விழுகிறதாம், பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம். நான் கமராவும் கையுமாகத் திரிவதை இந்தப் பத்தியில் படித்திருக்கிறாராம்.

"பரீட்சை எழுதியிருக்கிறேன். ரிசல்ட் வரட்டும், சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

ரிசல்ட் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. வாசகர்களே, நான் பாஸ்! சாதாரண பாஸ் இல்லை, முதல் வகுப்பு!

இந்தப் பத்தியில் நான் இதுவரை எழுதியதெல்லாம் தோற்ற கதைகள்தாம். மண்ணெண்ணெய் அடுப்பிடம் தோற்றது, தையல் மெஷினிடம் தோற்றது, வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரியிடம் பேரம் பேசித் தோற்றது... ஜெயிப்பது என்ன, அடிக்கடி நடக்கிற காரியமா? இந்த வாரம் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கமரா. அது என் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்தது. திரும்பிப் போகும்போது "அக்கா, பத்திரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனான். பத்திரமாகத்தான் வைத்தேன் — என் தோளில்! நல்ல கனம். தூக்கி வைத்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சேலை கட்டின ஒருத்தி அதைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்க்கவே ஆட்கள் கூடிவிடுவார்கள். "பொம்பள படம் புடிக்குதாம், வாங்க வாங்க!"

அடுத்து, செல்லம்மா அக்கா. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நான் பிறந்ததும் அவர் குடியிருக்கும் லயத்தில், அந்த வரிசை வீடுகளில்தான், பக்கத்துக் காம்பரா அறையில். அவருக்கு ஒரே மகள், கமலா. ஆனால் கமலாவை வளர்த்தது செல்லம்மா அக்கா இல்லை; அவருடைய அக்கா ராக்காயி. கால் வருத்தத்தால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியாமல் வீட்டில் இருந்த ராக்காயி அக்காதான் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, தலை சீவி, தூங்க வைத்தது எல்லாம்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் ராக்காயி அக்கா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கப்பலேறிப் போய்விட்டார்கள். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார்கள். அந்தக் கப்பலும் நின்று போயிற்று. பிளேனில் வந்துபோக அவர்களுக்கு வசதி ஏது?

இந்த வருஷம் கமலாவுக்குப் பரிசம் போட்டார்கள். பெரியம்மாவால்தான் வர முடியவில்லை, படமாவது போகட்டும் என்று செல்லம்மா அக்கா என்னைக் கூப்பிட்டார். போய் எடுத்தேன். பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருக்கும் கணபதி அண்ணன் சரக்கெடுக்கத் திருச்சிக்குப் பிளேனில் போய்வருகிறவர். அங்கிருந்து கோத்தகிரிவரை போய்க் கொடுக்கச் சொல்லி அவர் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம். கோத்தகிரியில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, அங்குள்ள லயமே கூடிப் பார்த்திருக்கிறது. அண்ணன் திரும்பி வந்ததும் ஆசையாகப் போய்க் கேட்டேன்.

"படம் அருமை டீச்சர். எல்லாரும் வாய அசைக்கிறாங்க. சத்தத்துல காத்துதான் கேக்குது. காத்தும், ஸ்பீக்கர் பாட்டும். ராக்காயம்மா டி.வி. பொட்டிகிட்டப் போயிக் காத வச்சுப் பாத்துச்சு. 'எம் புள்ள என்னமோ சொல்றாளே, என்னா சொல்றா, என்னா சொல்றா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாருக்குத் தெரியும், என்னா சொல்றான்னு?"

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

செல்லம்மா அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கல்யாணத்துலயாவது அக்காவுக்கு அவ கொரலு கேக்கணும் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். நான் அங்கேயே சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன்.

கமராவிலேயே ஒரு மைக் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். அந்த மைக் கமராவின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. பேசுகிறவரோ பத்தடிக்கு அப்பால். நடுவில் பூனாகலைக் காற்று இருக்கிறது, மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் இருக்கிறது, போதாக்குறைக்குக் கமராவைச் சுமக்கிற என் மூச்சிரைப்பு வேறு. அது பாவம், தனக்கு எது பக்கத்தில் கேட்கிறதோ அதைப் பதிவு செய்கிறது. ஆகவே வெளி மைக் ஒன்று வாங்கி, கமராவில் செருக வேண்டும். சரி, எந்த மைக்?

பதுளை பஜாரில் ரேடியோ சாமான்கள் விற்கும் ஹனிபா நானா கடைக்குப் போனேன். மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று முழ நீளம், துப்பாக்கிக் குழல் மாதிரி. தூரத்தில் பேசுவதையும் இழுத்துக்கொண்டு வருமாம்.

"நானா, இதத் தூக்கிக்கிட்டு நான் பஸ்ஸில போனா பண்டாரவளை போறதுக்குள்ள எறக்கி விசாரிப்பாங்க!"

நானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதுவும் சரிதான் டீச்சர். இந்தக் காலத்தில என்னத்துக்கு வம்பு?" என்று அதை உள்ளே வைத்துவிட்டார்.

மீதி இரண்டு. ஒன்று கையில் பிடித்துப் பேசுகிற மைக். இன்னொன்று சட்டையில் குத்திக்கொள்கிறது. ஒரு பொத்தான் அளவுதான், வாலாக நீளமான வயர், உயிராக ஒரு குட்டி பேட்டரி. அதை நான் மதிக்கவே இல்லை. மைக் என்றால் மைக் மாதிரி இருக்க வேண்டாமா? கைமைக்கைக் காட்டி, "இதுதான்" என்றேன்.

"யாருட கையில குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார் நானா. அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "சரிவராட்டி கொண்டு வாங்க, மாத்தித் தாரேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லயத்தில் ஒத்திகை. செல்லம்மா அக்காவின் கணவர் மாணிக்கம் அண்ணன் கையில் மைக்கைக் கொடுத்தேன். "ராக்காயி அக்காவுக்கு நாலு வார்த்தை பேசுங்கண்ணே."

அண்ணன் துண்டைச் சரி செய்தார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். ஊதிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அலோ... அலோ... மைக் டெஸ்டிங்... மதிப்புக்குரிய தலைவர் அவர்களே! என் உயிரினும் மேலான தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே!"

அப்புறம் சம்பளப் பிரச்சினை. அப்புறம் லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுவது. அப்புறம் தண்ணீர்க் குழாய். கோத்தகிரியில் இருக்கிற மதினி இந்தக் கூரைக்கு என்ன செய்ய முடியும்? அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்தில் மைக் என்றால் மேடை. மே தினக் கூட்டத்தில் பிடிப்பது, கோயில் திருவிழாவில் பிடிப்பது. அதைப் பிடித்துக்கொண்டு "அக்கா, சௌக்கியமா?" என்று யாராவது கேட்டதுண்டா? அடுத்து வாங்கியவர் பக்கத்து லயத்துக்காரர். அவர் அண்ணன் பேச்சுக்கு நன்றியுரை சொன்னார்!

பெண்களோ, மைக் தங்கள் பக்கம் திரும்பியதுமே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கமலாவைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினேன். நின்றாள். "வணக்கம்" என்றாள். அதோடு சரி. வளர்த்த பெரியம்மாவுக்கு ஒரு வணக்கம்! எலெக்‌ஷனிலா நிற்கிறாள்?

மறுநாளே ஹனிபா நானா கடை. "தாங்க நானா, அந்தப் பொத்தான" என்றேன்.

நலங்கு நாள் வந்தது. மத்தியானமே போய்விட்டேன். காம்பராவுக்குள் கரண்ட் கிடையாது. பகல் வெளிச்சம்தான் கதி. அதனால் வெளி இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன் தாழ்வாரத்தில், மணையைப் போட்டுப் பெண்ணை உட்கார வைத்தார்கள்.

எதிரே சவுக்கு மரத்தில் பேட்டரி ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் செட்டுக்காரரிடம் போய், "கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்" என்றேன். மனுஷன் அதிர்ந்து போனார்.

"என்னாங்க டீச்சர், கல்யாண வீட்டுல பாட்ட நிப்பாட்டுறதா? கீழ் லயத்துல உள்ளவங்க எழவு விழுந்துருச்சுன்னு ஓடி வருவாங்க!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு சமாதானம். ஸ்பீக்கரை நிறுத்தவில்லை, ஆலைப் பக்கமாகத் திருப்பிக் கட்டினார். அன்றைய பாட்டுக் கச்சேரி முழுவதும் தேயிலை ஆலைக்காரர்களுக்கு.

பொத்தான் மைக்கைக் கமலாவின் சேலையில் குத்தினேன். காதில் இயர்போன். சரக்... சரக்... சரக்! புதுப்பட்டு உராய்கிறது, மாலை உராய்கிறது, வளையல் வேறு. அவள் மூச்சு விட்டாலே புயல். எடுத்துச் செல்லம்மா அக்காவின் சேலையில் குத்தினேன். அவர் நூல் சேலைதான், உராயவில்லை. ஆனால் அவரும் பேசவில்லை! கழுத்தில் பூரான் ஏறினவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொண்டு அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். நலங்குக்கு வந்த பெண்கள் பேசாமல் இருந்து எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. இந்தத் தடவையும் ஊமைப் படம் போனால் அந்தக் கிழவி மறுபடியும் பெட்டியில் காதை வைப்பாரே... நான் எந்த முகத்தோடு இந்த லயத்துக்குள் வருவேன்?

செல்லம்மா அக்கா பட்டென்று மைக்கைப் பிடுங்கினார். "இது என்ன எழவு தங்கச்சி, நெஞ்சுல உக்காந்துகிட்டு! அக்காவுக்குத்தானே கேக்கணும்? அப்ப அக்காகிட்டயே இருக்கட்டும்!" என்று சொல்லி, மணைக்குப் பக்கத்தில் இருந்த ராக்காயி அக்காவின் தட்டில், வெற்றிலைக்கு மேல் வைத்துவிட்டார்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லவில்லையே! அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். விசேஷத்தில் முன்னால் நிற்க வேண்டியவர் கடல் கடந்து போயிருந்தால், அவருக்குரிய தாம்பூலத் தட்டு அவர் இடத்தில் இருக்கும். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள். நலங்கு வைக்க வருகிறவர்கள் அந்தத் தட்டைப் பார்த்து, அதற்குரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பெண்ணின் கன்னத்தைத் தொட வேண்டும்.

"அக்கா, வெத்தலையா பேசப்போவுது?" என்று நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் முதல் பெண் மணையருகே வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார்.

"ராக்காயி, நீ பூச வேண்டிய மஞ்சள ஒனக்காக நான் பூசுறேண்டி. சந்தோசமா இரு."

இயர்போனில் கணீரென்று விழுந்தது! உராய்வு இல்லை, புயல் இல்லை. ஸ்பீக்கர் பாட்டு எங்கோ தூரத்தில், கல்யாண வீடு என்று தெரிகிற அளவுக்கு மட்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கமரா பொத்தானை அமுக்கினேன்.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். மைக்கை மறந்தே போனார்கள். மைக்கோடு யார் பேசினார்கள்? ராக்காயியோடல்லவா பேசினார்கள்! ஒருவர் முட்டிவலியைச் சொன்னார். ஒருவர் மாப்பிள்ளையின் மீசையைக் கிண்டல் செய்தார். பாட்டு வந்தது, குலவை வந்தது, சிரிப்பு வந்தது. கடைசியில் கமலா தட்டின் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா... நீ சீவி விட்ட மாதிரி யாருமே எனக்குச் சீவ மாட்டேங்கிறாங்க. அம்மா இழுக்குது, வலிக்குது."

"அடியே!" என்றார் செல்லம்மா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்குக் கல்யாணம் பெரியம்மா. நான் போயிட்டு வரட்டா?"

நான் அழுதுவிட்டேன். அந்த இடத்தில் படம் லேசாக ஆடும், காரணம் நான்தான்.

அந்தக் கேசட்டோடு போன கணபதி அண்ணன் செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பிவிட்டார் என்று தகவல் வந்ததும், செல்லம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்கு ஓடினேன். அண்ணன் பில் போடுவதை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"கேட்டுச்சுங்க! எல்லாம் கேட்டுச்சு! ஒவ்வொருத்தர் கொரலுக்கும் ராக்காயம்மா பேரு சொல்லுச்சு. அந்தப் புள்ள 'போயிட்டு வரட்டா பெரியம்மா'ன்னு கேட்டுச்சு பாருங்க... கால் வருத்தக்காரி, சொவத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுருச்சு! டி.வி.யப் பாத்து, 'போயிட்டு வாடி எந்தங்கம்'னுச்சு. அப்புறம் திருப்பிப் போடச் சொல்லுச்சு. புள்ள மறுபடியும் கேக்கும், இது மறுபடியும் எந்திரிச்சு பதில் சொல்லும். அங்க ஒருத்தர் கண்ணுலயும் ஈரம் காயல."

செல்லம்மா அக்கா கடை என்றும் பார்க்காமல் அழுதார். அழுதுகொண்டே, "நான் தலைய இழுக்கிறேன்னு சொன்னாளே, அதுவுமா கேட்டுச்சு?" என்றார்.

"கேட்டுச்சாவா? 'எந்தங்கச்சிக்கு எப்பவுமே கை மொரடு'ன்னு அதுக்கும் பதில் சொல்லியாச்சு!"

செல்லம்மா அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு அந்தக் கடையிலேயே ஒரு குலவை போடலாம் போலிருந்தது.

ஆகவே, பஸ் நிலையத்து அன்பரே, உங்கள் கமராவுக்கு எந்த மைக் பொருந்தும் என்று கடையில் கேளுங்கள், சொல்வார்கள். உங்கள் வீட்டு ஆட்கள் எதன் முன்னால் வாய் திறப்பார்கள் என்பதை மட்டும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திரும்பத் திரும்ப ஓட்டியதில் அந்த இடத்தில் படத்தில் கோடு விழ ஆரம்பித்துவிட்டதாம். சத்தம்? கணீர்!