வெள்ளிக்கிழமைச் சாம்பல்

நம்மூரில் மாட்டுத் தீவனம் வாங்கப் போவது எப்படியோ, அப்படித்தான் இங்கே நெருப்பு வாங்கப் போவதும் இருக்கிறது. மூட்டையைப் பிரித்தால் உள்ளே பென்சில் பருமனில் துண்டு துண்டாக, குச்சித் தீவனமேதான். முதல் தடவை மோந்து பார்த்தேன். பிண்ணாக்கு வாசனை வரவில்லை, மரம் அறுக்கிற பட்டறை வாசனை வந்தது. மரத்தூளை இறுக்கிச் செய்தது, பெயர் பெல்லெட். ஸ்டூஃபா என்கிற இரும்பு அடுப்பின் தலையில் அதைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினால், அதுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளி, அதுவே பற்றவைத்து, அனலை வீட்டுக்குள் ஊதும். நெருப்பு கண்ணாடிக்குப் பின்னால் எரியும். ஒரு காப்பி வைக்கக்கூட உதவாது.

நான் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சூளை அடுக்கிக்கொண்டிருந்தவன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. சூளை தெரிந்தவன் என்பதால்தான் இத்தாலியில் டைல்ஸ் செய்கிற இந்த ஊரில் வேலை கிடைத்தது. மனைவி செல்வியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். மகளுக்குச் சின்னதிலிருந்தே இழுப்பு. மார்கழி பனிக்கே மூச்சு வாங்கும். அதனால் செல்வி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, வூடு எந்நேரமும் சூடா இருக்குமா? நடுவுல அணைஞ்சிடாதுல்ல? சும்மா சொல்லாதீங்க. நல்லா பாத்துட்டு சொல்லுங்க, அப்புறம் பாப்பாவ இட்டுக்கிட்டு வரேன்." குளிர்காலம் முடிவதற்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர்களுக்காகத்தான் இரண்டு அறை வீடாகப் பிடித்தேன். ஒரு அறையின் கதவைத் திறந்ததே இல்லை.

மற்ற நாளெல்லாம் ஒழுங்காக எரிகிற அடுப்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அணைந்துவிடும். வேலை முடிந்து வந்து, குளித்து, திருநீறு பூசி, பழமலைநாதர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்காருவேன். கண்ணாடிக்குள்ளே தீ சிவந்து, சோம்பி, கண்ணாடி கறுத்து, பிறகு ஒன்றுமில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு விளக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கொளஞ்சியப்பா, அவர்களைக் கூப்பிடாதே என்று சொல்கிறாயா என்று எங்கள் ஊர் முருகனைக் கேட்டிருக்கிறேன்.

பிறகு பெல்லெட் மேல் சந்தேகம் வந்தது. மாற்றி மாற்றி வாங்கினேன். முதலில் வாங்கியது மரப்பட்டையும் சேர்த்து அரைத்த கலப்பு. கறுப்பாக இருக்கும், மூட்டையின் அடியில் தூள் தங்கும். அடுத்தது ஃபாஜ்ஜோ என்கிற மரம். நல்ல கனம், தண்ணீரில் போட்டால் கல் மாதிரி இறங்கும், சூடும் உண்டு. அதுவும் வெள்ளிக்கிழமை அணைந்தது.

ஒரு சனிக்கிழமை, எப்போதும் போல அள்ளிக் கொட்டிவிடாமல், அடுப்புக்குள் உற்றுப் பார்த்தேன். பெல்லெட் விழுந்து எரிகிற சின்ன இரும்புக் கிண்ணத்தில் சாம்பல் கட்டியாக இறுகி, அடியில் காற்று வருகிற ஓட்டைகளெல்லாம் அடைத்துக் கிடந்தது, தட்டில் வழிந்த மெருகுப் பூச்சு சூளையில் உருகி ஒட்டிக்கொண்ட மாதிரி. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தினமும் காலையில் சாம்பலை அள்ளிக் கொட்டுகிற நான், வெள்ளிக்கிழமை மட்டும் அள்ளுவதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பலை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று அம்மா சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கை மட்டும் மறக்கவில்லை. இரண்டு நாள் சாம்பலில் எந்த அடுப்புதான் மூச்சு விடும்? காற்று இல்லாமல் தீ இல்லை என்பது சூளைக்காரனுக்குத் தெரியாததா?

தெரிந்த பிறகும் வெள்ளிக்கிழமை அள்ள மனசு வரவில்லை. கடைக்குப் போனேன். மார்க்கோ என்பவர் கடைக்காரர், பெரிய மீசை, நல்ல மனுஷன். சாம்பல் குறைவாக விழுகிற பெல்லெட் வேண்டும் என்றேன்.

"எல்லாரும் சூடு கேப்பாங்க, நீ சாம்பல் கேக்குறியே" என்று சிரித்தார்.

எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், வெள்ளிக்கிழமை சாம்பல் வெளியே போகக் கூடாது என்றேன்.

அவர் யோசித்தார். சுவரில் மாட்டியிருந்த நகராட்சிக் காலண்டரைப் போய்ப் பார்த்தார். "இல்லையே, உங்க தெருவுக்குக் குப்பை வண்டி வெள்ளிக்கிழமையும் வருது. தாராளமா கொட்டு."

நான் தலையாட்டினேன். அவர் அபேத்தே என்கிற ஊசியிலை மரத்து மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். வெளிர் மஞ்சள், பளபளப்பு, ஒடித்தால் பட்டென்று ஒடிகிறது. எரிந்த பிறகு பார்த்தால், விரலில் எடுத்துப் பூசலாம் போல மெல்லிய சாம்பல், அதுவும் ஒரு பிடிதான். அந்த வெள்ளிக்கிழமை அடுப்பு அணையவில்லை. ராத்திரி முழுக்க எரிந்தது. மூடிக் கிடந்த அறையின் கதவையும் திறந்துவிட்டேன்.

மறுநாளே போன் கார்டு போட்டுச் செல்வியிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமைச் சாம்பல் அள்ளாமல் காப்பாற்றினதையும் பெருமையாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

"என்னாங்க நீங்க, நம்ம வூட்ல ஏது சாம்பலு? கேஸு வந்து எத்தினி வருஷமாச்சு. இந்தத் தெருவுலயே அதையெல்லாம் பாக்குறவங்க யாரும் இல்லீங்க. நீங்க ஒருத்தருதான் அங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீங்க."

நானும் சிரித்தேன். பிறகு, "அப்ப எப்ப வரீங்க?" என்றேன்.

"வூடு சூடா இருக்குது, சரிங்க. நீங்க வேலைக்குப் போயிட்டா நானும் பாப்பாவும் யாரு மூஞ்சிய பாக்குறது? உங்களுக்கே அங்க பேச ஆளு இல்ல, அடுப்பப் பத்தி இம்மாம் நேரம் என்கிட்ட பேசுறீங்க. இந்த வருஷம் வேணாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

என்னைப் போல வந்திருப்பவர்களுக்குத் தெரியும், யார் மூஞ்சியைப் பார்ப்பது என்கிற கேள்விக்குக் கடையில் மூட்டை கிடைக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கரண்டியை எடுத்தேன். ஊரிலேயே இல்லாத வழக்கம், இனி யாருக்காக என்று நினைத்தேன். அடுப்பைத் திறக்காமலே கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சாயங்காலம் விளக்கேற்றி, மின்சார விளக்கை அணைத்து, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தேன். பின்னாலிருக்கிற என் அகல் விளக்கின் சுடர் அடுப்பின் கண்ணாடியில் பிரதிபலித்து, அந்தத் தீக்கு நடுவிலேயே தனியாக நிற்கிற மாதிரி தெரிந்தது. உள்ளே அத்தனை தீ ஆடியும் அது ஆடவில்லை. முகத்தில் அனல் அடித்தது. திறந்துவிட்ட அறையில் யாருமில்லை. அது சூடாக இருந்தது.