கதைக்கிற வாத்தியார்

“நான் கதை சொல்லலைங்க சார். சும்மா பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று இப்படிச் சொன்னாள். “ஏன் பிள்ளை கதைக்கிறாய்?” என்று நான் கேட்டதற்கு அதுதான் பதில். வகுப்பு சிரித்தது. கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் அடித்தேன்.

அவள் துடுக்காகப் பேசவில்லை என்பது என்னைவிட நன்றாக அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் பூண்டுலோயாவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன். எங்களுக்குக் கதை என்றால் கதை, பேச்சு என்றால் பேச்சு; பேசுவதைக் ‘கதைப்பது’ என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கு. அங்கே விடுதியில் தங்கிப் படித்தபோது, என் பேச்சைக் கேட்டுச் சிரித்த பையன்களுக்குப் பயந்து அவர்களுடைய பேச்சைக் கற்றுக்கொண்டேன். வாத்தியாராகத் திரும்பி வந்த பிறகும் அதை விடவில்லை. விட்டால், அந்தப் பையன்கள் கேலியாகக் கூப்பிட்டது போல, மறுபடி தோட்டக்காட்டான் ஆகிவிடுவேன் என்ற பயம்.

மறுநாள் மாலை அவளுடைய அம்மா கொழுந்துக் கூடையோடு வந்தார். தலைமையாசிரியர் என் பக்கத்தில் நின்றார். அடித்ததைக் கேட்க வந்தவர், என் முகத்தையே பார்த்துவிட்டு, “நீங்க பூண்டுலோயா கங்காணி மகன்தானுங்களே?” என்றார்.

“இல்லை. நான் வேற ஆள்” என்றேன். என் அப்பா அப்போது உயிரோடு இருந்தார்.

அந்த வாரம் பிள்ளை வரவில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருமுறை வீட்டில் நின்றுவிட்ட பிள்ளைகள் திரும்பி வருவது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அந்த அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“நான் கங்காணி மகன்தாங்க. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். புள்ள மேல தப்பு இல்லைங்க.”

என் வாயில் வந்த அந்தப் பேச்சு எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “தெரியுமுங்க. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேற ஆளாம்! எங்க லயத்துல உங்களுக்குப் பேரே கதைக்கிற வாத்தியாருதான்.” பிறகு சொன்னார்: “புள்ளய அனுப்புறேன். ஆனா இதே மாதிரி அங்கயும் பேசணும். முடியுங்களா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பின் முன் நின்றபோது, துடைத்த கரும்பலகையையே மறுபடி துடைத்தேன். பக்கத்து வகுப்பில் தலைமையாசிரியர். நடுவில் சுவர் கிடையாது.

“பேசாதீங்க புள்ளைங்களா, எல்லாரும் இங்க பாருங்க.”

தலைமையாசிரியர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவன், “டேய், சாரு நம்ம ஆளுடா!” என்றான். இத்தனை வருடம் எந்த அவமானத்துக்குப் பயந்தேனோ, அது வந்தது. வந்து, ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. அவள் முன்வரிசையில் இருந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

அப்பாவை இல்லையென்று சொன்னதை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. மற்றபடி நிம்மதிதான். இந்த வயதிலும் ஒரு கூட்டத்தில் எழுந்து எங்கள் பேச்சில் தொடங்கும்போது முதல் வார்த்தை தடுக்கும். அந்தக் கூச்சத்தை இப்போது நான் விரட்டுவதில்லை. அதோடு சற்று நின்றுவிட்டு, பேசத் தொடங்குகிறேன்.