முப்பது ‘டேக்’

கால்சா என்ற இத்தாலியத் துறைமுகப் பகுதியில் நான் அறை துடைக்கும் சின்ன விடுதியில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. எனக்கு அந்த மேசை வேண்டும். ஒன்பது வருடம் குனிந்து தேய்ந்த முழங்காலுக்காக மட்டுமில்லை. நான் வாளியோடு நிற்க, நேற்று வந்தவர்கள் கதிரையில் இருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. “இங்கிலீசு வேணுமே,” என்றார் விடுதிக்காரி சிஞ்ஞோரா. “ஒரு மாசம் தாங்கோ,” என்றேன்.

ஊரில் படித்த மாதிரியே இறங்கினேன். ‘டேக்’ என்ற ஒரு வினைச்சொல்லை வைத்தே ஆங்கிலேயர் பாதி நாளை ஓட்டிவிடுவார்கள் என்று யூடியூபில் ஒருத்தி சொன்னாள். அதோடு சேர்ந்து வரும் முப்பது தொடர்களைக் கொப்பியில் எழுதி, தேவாரம் போல வரிசை தப்பாமல் பாடமாக்கினேன். “இஞ்சரும், எனக்கொரு டேக் தேத்தண்ணி,” என்று என் மனுசன் நக்கலடித்தார். “அப்பிடி ஒண்டு கொப்பியிலை இல்லை,” என்றேன்.

மாத முடிவில் சிஞ்ஞோரா கேட்டார்: “களைச்சுப்போன ஒரு விருந்தாளி வாசல்லை நிக்கிறா. என்ன சொல்லுவாய்?” உட்காருங்கள் என்பதற்கு ‘டேக் எ சீட்’ நன்றாகத்தான் வந்தது. ஆனால் பாடமாக்கிய நாக்கு அதோடு நிற்கவில்லை. குளியுங்கள், படம் பிடியுங்கள், பஸ்ஸில் போங்கள், மாத்திரை போடுங்கள் என்று ‘டேக்’ தொடர்களை வரிசையாகக் கொட்டி, பதினேழாவதில்தான் ஓய்ந்தது. சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விடக் கோபம்தான் கூட.

அன்றே கொப்பியை மூடினேன். இனி ஒரு காரியத்தைச் செய்யும்போது மட்டும் அதற்குரிய தொடரைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். பஸ் ஏறினால் பஸ்ஸுக்கானது, மாத்திரை போட்டால் மாத்திரைக்கானது. ரயில் ஸ்தாசியோனே போகும் பஸ்ஸில் நான் முணுமுணுப்பதைப் பார்த்து ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். போடட்டும்.

மூன்றாம் கிழமை, நேப்பிள்ஸ் கப்பலால் இறங்கிய ஓர் ஆங்கிலேய அம்மா காலையிலேயே வந்துவிட்டார். மேசையில் யாரும் இல்லை. கைப்பைக்குள் கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டு நின்றார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “டேக் எ சீட்,” என்று கதிரையை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். “டேக் யுவர் டைம்,” என்றேன், ஆறுதலாகத் தேடட்டும் என்று. பிறகு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சிஞ்ஞோரா படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இறங்கி வந்து மேசைச் சாவியை என் முன் வைத்தார். “அப்ப அறையளை இனி ஆர் துடைக்கிறது?”

“வேறை ஆளைப் பாருங்கோ,” என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னால் போய் இருந்தேன்.